கள்ளுக்கடை அகன்ற ஊரில் தேநீர்க்கடை



சேலத்து உணவு என்றதும் இன்று பலருக்கும் தட்டுவடை செட்டே நினைவுக்கு வரும். இரண்டு தட்டுவடைகளின் நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, காரச் சட்னி தடவித் தரும் தள்ளுவண்டிகளைச் சுற்றி மாலைதோறும் கூட்டம் நிற்கிறது. பகலெல்லாம் உழைத்தவன் மாலையில் எங்கே போய் அமர்வான் என்னும் கேள்வி சிறியதன்று. அக்கேள்வி ஒருமுறை இம்மாவட்டத்தின் வரலாற்றையே திருப்பியது.

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அதனைக் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த ராஜாஜி. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராயிருந்த அவர், 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். 1929இல் 'விமோசனம்' என்ற இதழை மதுவிலக்குக்காகவே நடத்தினார். சட்டத்திற்கு முன்பே பிரசாரம் நடந்திருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

குகை, அம்மாபேட்டைத் தறிக்காரருக்கும் சுற்றுவட்டார உழவருக்கும் கள்ளுக்கடை என்பது குடிக்குமிடம் மட்டுமன்று. கூடிப் பேசுமிடமும் அதுவே. அது மூடப்பட்டதும் மாலைப்பொழுது வெறுமையாயிற்று. அவ்வெறுமையை நிரப்பத் தகுந்ததாய் இருந்தது தேநீர்க்கடை பெஞ்சு. தேயிலையைப் பரப்ப முனைந்தோரும் அந்த ஆண்டுகளில் தமிழக ஊர்களில் தீவிரமாகப் பிரசாரம் செய்து வந்தனர். காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் நிலைபெற்ற காலம் அது.

எனினும் மதுவிலக்கு நிலைக்கவில்லை. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வடார்க்காட்டுக்கும் அது விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி புகுத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆளுநர் ஆட்சியின்போது, மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. மது திரும்பி வந்தது, வரியோ போகவில்லை! 1948இல் மாகாணம் முழுவதும் மீண்டும் வந்த மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது.

மதீனாவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மதுவின் கேடு அதன் பயனைவிடப் பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது (2:219). போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை பின்னர் வந்தது (4:43). இறுதியிலேயே முழுத்தடை இறங்கியது (5:90). அன்று மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டது. உள்ளங்கள் ஏற்கெனவே பக்குவப்பட்டிருந்தன. கூடியமர்வதற்குப் பள்ளிவாசலும் இருந்தது. தடுப்பதோடு நில்லாமல் மாற்றிடம் தருவதும் சீர்திருத்தத்தின் பகுதி என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

அந்த மாற்றிடமும் எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. தமிழகத்தின் பல ஊர்த் தேநீர்க்கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக்குவளை வைக்கப்பட்டது. இரட்டைக் குவளை என்னும் அக்கொடுமை பல்லாண்டுகள் நீடித்தது. மனிதன் பருகி மீதம் வைத்த நீர் தூய்மையானதே என்பது ஃபிக்ஹுப் பாடத்தின் தொடக்கத்திலேயே நாம் ஓதும் சட்டம். குடித்தவர் எக்குலத்தார், எம்மதத்தார் என்று அச்சட்டம் பார்ப்பதில்லை. ஒரே குவளையைக் கழுவி அனைவருக்கும் தருவது வணிக நாகரிகம் மட்டுமன்று, மார்க்கக் கடமையும்கூட.

இன்று நம் மஹல்லாக்களில் பிரியாணிக் கடையும் தேநீர்க்கடையும் நடத்தும் சகோதரர்கள் பலர். சேலத்திலும் நாமக்கல்லிலும் அவர்களுடைய கடைகளில் எல்லாச் சமூகத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். 'ஹலால்' என்ற பலகை அறுத்த முறையை மட்டும் சொல்வதாக நின்றுவிடலாகாது. நிறைவான அளவு, தூய்மையான தண்ணீர், பாத்திரம் கழுவுபவருக்கு உரிய நேரத்தில் கூலி, வருபவர் யாராயினும் ஒரே இருக்கை, ஒரே குவளை என்பனவும் அப்பலகையின் பொருளாக வேண்டும். வேலை முடிந்து வரும் இளைஞன் மதுக்கடைக்குச் செல்லாமல் நம் கடை பெஞ்சில் அரைமணி நேரம் அமர்ந்து செல்வானாயின், சட்டத்தால் நிலைநிறுத்த முடியாத ஒன்றில் சிறு பகுதியை அந்தப் பெஞ்சு செய்துவிடும்.

நம் சம்பாத்தியத்தையும் நம் உணவையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.