காப்புப் படிகளின் இடமாற்றம்: கல்வெட்டிலிருந்து வன்தட்டு வரை

பேக்கப் எனப் பரவலாக அழைக்கப்படும் காப்புப் படி, மூலம் அழிந்தாலும் செய்தி அழியாதிருக்க எடுத்து வைக்கப்படும் நகலாகும். காப்புப் படி தங்கியிருக்கும் பொருளுக்கும் ஆயுள் உண்டு. ஓலை செல்லரிக்கும், சுவர் இடியும், வன்தட்டு பழுதாகும் அல்லது நிரம்பிவிடும். ஆகவே சேமித்து வைத்தவற்றை அவ்வப்போது புதிய, பெரிய இடத்துக்கு மாற்ற வேண்டியுள்ளது. கணினிக்கு முன்பே தமிழகம் இப்பணியைப் பல நூற்றாண்டுகள் செய்துவந்துள்ளது. எது பிழைத்தது, எது தொலைந்தது என்பதைப் பெரும்பாலும் இந்த இடமாற்றங்களே தீர்மானித்தன.

பழங்கற்படிகள்

சோழர் காலத்தில் செங்கல்லால் அமைந்திருந்த கோயில்கள் பல கற்றளிகளாக மாற்றப்பட்டன. பழைய கோயிலைப் பிரித்தால் அதிலிருந்த கல்வெட்டுகளும் போய்விடும். அவை வெறும் புகழுரைகள் அல்ல. கோயிலுக்கு விடப்பட்ட நிலம், விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகள், பொன், இவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் ஆகிய விவரங்களைத் தாங்கிய சட்ட ஆவணங்கள்.

காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிகாவல் கோயிலைக் கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார் கல்லால் எடுப்பித்தார். அப்போது பல்லவர் காலத்தவை உள்ளிட்ட பழைய கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவை பழங்கல்லின் படி என்ற குறிப்பும் சேர்த்தே பொறிக்கப்பட்டது. இதனால் எழுத்தமைதி பிற்காலத்தது, செய்தி முற்காலத்தது என்பதை இன்றைய ஆய்வாளர் அறிய முடிகிறது. எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்ற பழைய காலக்குறிப்பும் படியில் அப்படியே இடம்பெற்றது.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் நிகழ்ந்தது இன்னும் விரிவானது. முதலாம் இராசராசர் தமது 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 1013இல், அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டார். பிரிப்பதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில், அக்கால வழக்கில் ஓலைச் சுவடியில், படி எடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1026இல், அவை புதிய சுவரில் பொறிக்கப்பட்டன. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் ஆட்சியே மாறிவிட்டது. அக்காலம் முழுவதும் கோயிலின் உரிமைகளுக்கு ஆதாரமாக அந்தப் புத்தகம் இருந்தது. பழைய இடத்திலிருந்து எடுத்துப் புதிய இடத்தில் சேர்க்கும் வரையிலான இடைவெளிதான் எந்த இடமாற்றத்திலும் ஆபத்து மிகுந்த காலம்.

ஓலைச் சுவடிகள்

ஓலையில் அமைந்த நூல்கள் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டதால் வாழ்ந்தன. சுவடியின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டு, மாதம், எழுதியவர் பெயர் முதலியவற்றைக் குறிப்பது பலரது வழக்கம்.

பழுதுபட்ட ஏடுகளுக்குப் புதிய பிரதி எழுதிக்கொண்டு, பழையவற்றை நெய்யில் தோய்த்துத் தீயிலிடும் வழக்கமும் இருந்தது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் அவ்வாறு எரிக்கப்பட்டுவிட்டன என்றே அறிந்தார். புதிய பிரதி எழுதும் முதல் வேலை நடக்கவில்லை, பழையதை எரிக்கும் இரண்டாம் வேலை மட்டும் நடந்திருந்தது. இந்நிகழ்ச்சியை அவர் தமது தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார்.

படியெடுத்தும் தொலைந்தவை உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது, பல ஊர்களின் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடத்தை உறுதி செய்தார். ஒரே படியை நம்பாமல் பலவற்றை ஒப்பிடுவதே பிழையைக் கண்டறியும் வழியாக அமைந்தது.

கல்லிலிருந்து தாளுக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் கல்வெட்டுகள் மைப்படிகளாகத் தாளுக்கு மாறின. கல்லைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களில் பதியச் செய்து, மேலே மை ஒற்றுவது இம்முறை. மேடான இடம் கறுப்பாகவும் எழுத்து வெண்மையாகவும் தெரியும். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஊல்சு அமர்த்தப்பட்டார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சோழர், போசளர், விசயநகரக் காலக் கல்வெட்டுகளும் இவ்வாறு தாளுக்கு வந்தன. அவற்றை மொழிபெயர்ப்புடன் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் நூலாக்கியது. திருப்பணியின்போது சுண்ணாம்பு பூசப்பட்டோ கல் மாற்றப்பட்டோ ஒரு கல்வெட்டு மறைந்தால், அதன் மைப்படியே மூலமாகிவிடுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது.

நிலப் பதிவேடுகளும் வேங்கிக்காலும்

திருவண்ணாமலை நகரை அடுத்து வேலூர் சாலையில் அமைந்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று உருவாக்கப்பட்டது. இங்குள்ளவை போன்ற வருவாய் அலுவலகங்களில், இடமாற்றப் பிழையின் விளைவைப் பொதுமக்கள் இன்றும் காணலாம்.

தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய பதிவேடுகளிலிருந்து புதியவற்றுக்கு உரிமையாளர் பெயர்கள் மாற்றி எழுதப்பட்டன, ஏக்கர், செண்டு அளவுகள் எக்டேர், ஏர் ஆக மாற்றப்பட்டன. அப்போது சில இடங்களில் பெயர் தவறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு விடுபட்டது. பின்னர் கணினிமயமாக்கியபோது பதிவேட்டில் இருந்ததே கணினிக்கும் சென்றது. நகல் சரியாக இருந்தும் நகலெடுக்கப்பட்ட செய்தி தவறாயிற்று. இன்று கைப்பேசியிலேயே பட்டா, சிட்டா பார்க்கலாம். ஆனால் யூ.டி.ஆர். பிழையைத் திருத்தக் கோருபவர், பழைய பத்திரத்தையும் திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலையும் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. பழைய பதிவேடு இல்லையேல் அவரது உரிமையை நிறுவுவது கடினம்.

கணினியில்

1951இல் யூனிவாக் கணினி காந்த நாடாவைப் பயன்படுத்தியது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைக் கொண்டது. இன்று சட்டைப் பையில் அடங்கும் வெளிப்புற வன்தட்டு ஒன்று பல டெராபைட் கொள்ளும். இத்தனை வளர்ச்சிக்கு இடையிலும் இழப்பு தொடர்ந்தது. 1969ஆம் ஆண்டின் அப்பல்லோ 11 நிலவுப் பயணத்தின் மூல ஒளிபரப்புத் தரவுகளைக் கொண்ட நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குச் சென்றிருக்க வேண்டும் என நாசா 2009இல் அறிவித்தது.

இன்றைய காப்பு மென்பொருள்கள் கோப்புகளின் கடைசி நிலையை மட்டுமன்றி, அவை மாறிவந்த வரலாற்றையும் வைத்திருக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டைம் மெஷின் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. வன்தட்டு நிரம்பும்போது அது மிகப் பழைய படியை முதலில் நீக்கும். பழைய வரலாறு வேண்டுமெனில் பெரிய வன்தட்டுக்கு மாற வேண்டும்.

இங்கே ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. பதிவேட்டில் ஒரே பெயர் தொடர்ந்து வந்தால் ‘மேற்படி’ என எழுதுவர். அதுபோல டைம் மெஷினின் முந்தைய அமைப்பில், மாறாத கோப்பு திரும்பச் சேமிக்கப்படாமல், முன்பே உள்ள கோப்புக்கு ஓர் இணைப்பு மட்டும் இடப்படும். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்தால் ‘மேற்படி’ யாரைக் குறிக்கிறது என்பது தெரியாமற் போகும். அதுபோல, இவ்விணைப்புகளை அறியாத முறையில் நகலெடுத்தால் வரலாறு குலையும், அல்லது ஒவ்வோர் இணைப்பும் முழுக் கோப்பாக விரிந்து பெரிய வன்தட்டும் போதாமற் போகும். 2020இல் வந்த புதிய அமைப்பின் காப்புப் படிகளைச் சாதாரணக் கோப்புகள் போல இழுத்துப் போட்டு இடம் மாற்ற இயலாது. எனவே புதிய வன்தட்டில் புதிதாகத் தொடங்கி, பழையதைத் தனியே பாதுகாப்பதே பலருக்கும் எளிய வழி.

தமிழ்க் கோப்புகளுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, எத்தனை வன்தட்டு மாறினாலும் ஒரு பைட்டும் குறையாமல் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளை வைத்திருப்போர் எழுத்துருவையும் உடன் வைத்திருக்க வேண்டும், அல்லது ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நடைமுறை

பெரிய வன்தட்டுக்கு மாறுவோர் பின்பற்றத்தக்க வரிசை:

1. காப்பு மென்பொருள் பரிந்துரைக்கும் முறையிலேயே நகலெடுத்தல்.
2. கோப்புகளின் தேதிகளும் படிகளின் வரிசையும் மாறாமல் வந்துள்ளனவா எனப் பார்த்தல்.
3. பழைய தேதியிட்ட சில கோப்புகளைப் புதிய வன்தட்டிலிருந்து மீட்டுத் திறந்து பார்த்தல்.
4. இவை முடியும்வரை பழைய வன்தட்டை அழிக்காதிருத்தல்.

திருக்கோடிகாவலில் காலக்குறிப்பு காக்கப்பட்டது. திருமழபாடியில் பிரிப்பதற்கு முன் படி எடுக்கப்பட்டது. கரிவலம்வந்தநல்லூரில் படி எடுக்காமலே பழையது எரிந்தது. வன்தட்டை மாற்றுபவருக்கும் நான்காம் படிநிலையே முக்கியமானது. மற்ற மூன்றில் நேரும் தவற்றைத் திருத்திக்கொள்ளப் பழையது கையில் இருக்க வேண்டும்.