ஸ்காட்லாந்தின் பண்ணைத் தொழிலாளர்

ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரை, சொந்த நிலமோ குத்தகை நிலமோ இல்லாமல், பெரிய பண்ணைகளிலேயே தங்கி உழைத்தவர்கள் பண்ணைத் தொழிலாளர் எனப்படுகின்றனர். மணமாகாதவர்கள் ஆறு மாதத் தவணைக்கும் மணமானவர்கள் ஓராண்டுக்கும் அமர்த்தப்பட்டனர். கூலியில் ஒரு பகுதி மட்டுமே பணம். மாவு, பால், உருளைக்கிழங்கு, தங்க இடம் ஆகியவை மீதிக்கு ஈடாயின. வேலை போனால் வீடும் போயிற்று. ஆயினும் தவணை முடிந்ததும் வேறு பண்ணைக்குப் போய்விடலாம் என்ற வாய்ப்பே அவர்களின் முதன்மையான பலமாகவும் இருந்தது.

தோற்றம்

பழைய கிராமங்களில் பல குடும்பங்கள் சேர்ந்து குத்தகை எடுத்து, நிலத்தைக் கீற்றுகளாகப் பிரித்து உழுதன. அவர்களுக்குக் கீழே ‘காட்டர்’ எனப்பட்ட குடியானவர்கள் இருந்தனர். குடிசைக்கும் சிறு துண்டு நிலத்துக்கும் ஈடாக அவர்கள் உழைப்பைத் தந்தனர். 18ஆம் நூற்றாண்டின் வேளாண் சீர்திருத்தத்தில் நிலவுடைமையாளர்கள் கீற்றுகளை ஒன்றாக்கி வேலியடைத்துத் தனித்தனிக் குத்தகைதாரர்களிடம் விட்டனர். தாழ்நிலப் பகுதியில் காட்டர்கள் துண்டு நிலத்தை இழந்து கூலியாட்களானார்கள்.

ஜேம்ஸ் ஸ்மால் 1760களில் பெரிக்‌ஷயரில் உருவாக்கிய இலகுவான கலப்பை இந்த மாற்றத்துக்குத் துணைநின்றது. அதற்கு முன் கனத்த கலப்பையை இழுக்க எருதுகள் பலவும், ஓட்ட ஆட்கள் சிலரும் வேண்டியிருந்தனர். புதிய கலப்பைக்கு இரண்டு குதிரைகளும் ஓர் ஆளும் போதும். டர்னிப் கிழங்குடன் கூடிய பயிர்ச் சுழற்சி ஆண்டு முழுவதும் வேலை கொடுத்ததால், பண்ணைக்கு நிரந்தர ஆட்கள் தேவைப்பட்டனர்.

ஆள்பிடிச் சந்தை

மே, நவம்பர் மாதத் தவணை நாள்களை ஒட்டி ஊர்களில் ஆள்பிடிச் சந்தைகள் கூடின. பண்ணைக்காரர் ஆளை நிறுத்தி விசாரிப்பார். இருவரும் கூலி பேசுவர். பேச்சு படிந்தால் பண்ணைக்காரர் ஆளின் கையில் ஒரு நாணயத்தை வைப்பார். அந்த அச்சாரத்தை வாங்கியதுமே ஒப்பந்தம் உறுதியாகிவிடும். இடையில் வேலையை விட்டுப் போவது 1875 வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனவே, எந்தப் பண்ணையில் சோறு மோசம், எந்த முதலாளி கடுமையானவர் என்ற செய்தியைச் சந்தையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மிகவும் அவசியமாக இருந்தது.

வட்டார முறைகள்

தங்கும் முறை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. ஆங்கஸ், ஃபைஃப், பெர்த்‌ஷயர் பகுதிகளில் மணமாகாத ஆண்கள் ‘போத்தி’ என்ற தனிக் கொட்டகையில் தங்கித் தாங்களே சமைத்துக்கொண்டனர். அன்றாட உணவு ‘புரோஸ்’: மரக் கிண்ணத்தில் ஓட்ஸ் மாவையும் உப்பையும் போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கிளறி, பாலுடன் உண்பார்கள். அடுப்பில் வேகவைக்கும் வேலை இல்லாததால், குதிரைக்குத் தீனி வைத்துவிட்டு வருபவருக்கு இது சில நிமிடங்களில் தயாராகும். அபர்டீன்‌ஷயரில் ஆண்கள் தொழுவத்தை ஒட்டிய ‘சாமர்’ அறையில் உறங்கி, பண்ணை வீட்டுச் சமையலறையில் உண்டனர்.

தென்கிழக்கில் லோதியன், எல்லைப்புற மாவட்டங்களில் ‘ஹைண்ட்’ எனப்பட்ட மணமான உழவர்கள் குடும்பத்தோடு பண்ணைக் குடிசைகளில் வாழ்ந்தனர். தானியமும் பசுவுக்கான மேய்ச்சலும் கூலியில் அடங்கும். வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் ஹைண்ட் கொடுத்தாக வேண்டும். மனைவியோ மகளோ இயலாவிட்டால் அவரே வேறொரு பெண்ணை அமர்த்தி, வீட்டில் தங்கவைத்துச் சோறு போட வேண்டியிருந்தது. கடுமையாக எதிர்க்கப்பட்ட இந்த நிபந்தனை 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக மறைந்தது.

குதிரைக்காரர்கள்

பண்ணையின் அதிகார வரிசையில் ‘கிரீவ்’ என்ற மேற்பார்வையாளருக்கு அடுத்த மதிப்பு முதல் குதிரைக்காரருக்கு உரியது. ஒவ்வொரு குதிரைக்காரரும் தமக்கென ஒரு குதிரை இணையை வைத்திருந்தார். தொழுவத்திலிருந்து கிளம்புவதும் திரும்புவதும் தகுதி வரிசைப்படியே நடந்தன. வடகிழக்கில் இவர்களுக்கு ‘குதிரைக்காரர் சொல்’ என்ற இரகசியச் சங்கம் இருந்தது. புதியவர் ரொட்டியும் விஸ்கியும் கொண்டு இரவில் களஞ்சியத்துக்கு வந்து, கண் கட்டப்பட்ட நிலையில் சத்தியம் செய்தார். அதன் பிறகே குதிரையை வசப்படுத்தும் மந்திரச் சொல் அவருக்குச் சொல்லப்பட்டது.

கஞ்சப் பண்ணைக்காரர்களைப் பெயர் சொல்லிச் சாடும் பாடல்களும் இவர்களிடையே பிறந்தன. கேவின் கிரெய்க்கும் ஜேம்ஸ் டங்கனும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்கில் திரட்டிய பெரும் நாட்டுப்பாடல் தொகுப்பில் இவையும் இடம்பெற்றுள்ளன.

பருவகால உழைப்பாளர்

அறுவடைக்கு மேட்டுநிலங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்தனர். டோனகல், மேயோ மாவட்டத்தினர் குழுக்களாக வந்து உருளைக்கிழங்கு தோண்டி, மாட்டுக்கொட்டில்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் உறங்கினர். 1937 செப்டம்பரில் கர்கின்டிலொக்கில் அப்படியொரு கொட்டகை தீப்பற்றி, அக்கில் தீவைச் சேர்ந்த 10 இளைஞர்கள் இறந்தனர். இவர்கள் தங்கிய இடங்களின் அவலத்தை அந்த விபத்து நாடறியச் செய்தது.

சங்கமும் சட்டமும்

தவணைதோறும் இடம் மாறியவர்களைச் சங்கமாகத் திரட்டுவது எளிதாக இல்லை. ஜோசப் டங்கன் 1912இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஊழியர் சங்கத்தை நிலைநிறுத்தினார். வாராந்தர அரைநாள் விடுப்பு, நல்ல வீடு, ஆள்பிடிச் சந்தை ஒழிப்பு ஆகியவை அதன் முக்கியக் கோரிக்கைகள். 1933இல் அது போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்தது. 1936இல் வேலையின்மைக் காப்பீடு வேளாண்மைக்கு நீட்டிக்கப்பட்டது; 1937ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கக் குழுக்களை ஏற்படுத்தியது.

போருக்குப் பிறகு டிராக்டர் பரவியதும் குதிரை இணைகளும் அவற்றைச் சார்ந்த வேலைகளும் மறைந்தன; கொட்டகைகள் காலியாயின. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வேளாண் கூலி வாரியம், இங்கிலாந்தின் வாரியம் 2013இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் ஸ்காட்லாந்தில் தொடர்ந்து கூலியை நிர்ணயித்து வருகிறது.