இசைக் கல்லூரியும் நம் குலச் சிறாரும்

பள்ளியிறுதித் தேர்வின் பயன் வெளியாகுங் காலத்தில், இசை வேளாளராகிய நம் மரபினர் இல்லங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளைக்குக் குரல் இருக்கின்றது, அல்லது கருவியிற் கை பேசுகின்றது. இனி அவனை எங்கே சேர்ப்பது என்பதே அது. "இசை நமக்கு வீட்டுச் சொத்து, அதற்குக் கல்லூரி எற்றுக்கு?" என்பர் ஒரு சாரார். "இசையால் நாம் பட்டது போதும், உத்தியோகப் படிப்பிற் சேர்ப்போம்" என்பர் மற்றொரு சாரார். இவ்விருவர்க்கும் இடைப்பட்டோர், ஏதேனும் ஓர் இசைக் கல்லூரியில் இடங் கிடைத்தாற் போதுமென்று, ஊருக்கு அண்மையில் உள்ளதையும் செலவு குறைந்ததையும் நோக்கிப் பிள்ளையைச் சேர்த்துவிடுவர்.

இம்மூவர் கூற்றையும் சீர்தூக்குதற்கு, இசைக் கல்லூரி என்னும் நிலையம் நம் நாட்டில் எவ்வாறு தோன்றிற்று, அதில் நம்மவர் பெற்ற இடம் யாது என்னும் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. அவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை ஒன்று உண்டு. அஃதாவது, இசைக் கல்லூரியைத் தேர்தல் என்பது ஆசிரியரைத் தேர்தலே என்பதாம்.

குருகுல முறை

கல்லூரிகள் ஏற்படுமுன் இசைக்கல்வி வீட்டிலும் கோயிலிலும் அரசவையிலும் வாழ்ந்தது. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார், முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். அவருள் வடிவேலு, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரின் அவையை அணிசெய்தார். இசை குலத்துக்குள்ளேயே அடைந்து கிடந்ததென்று எண்ணுவார்க்கு இச்செய்தி தக்க விடையாகும். நல்லாசிரியர் எக்குலத்தாராயினும் நாடிச் சென்று கற்றமையாலன்றோ நம் முன்னோர் உயர்ந்தனர்?

நாகசுரக் குடும்பங்களில் சிறுவன் முதலில் வாய்ப்பாட்டுப் பயில்வான். பின்னரே குழலைத் தொடுவான். மேளத்தோடு சென்று ஒத்து ஊதுவான், தாளம் போடுவான். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி எங்குத் தொடங்குகின்றது, எக்காலத்திற்கு எவ்விராகம் உரியது என்பனவற்றை ஏட்டினின்றன்று, தெருவில் நின்றே அறிவான். சீவாளியைச் செப்பஞ் செய்யும் கைந்நுட்பமும் ஆசான் அருகிருந்தே வரும். விடியற்காலைச் சாதகம் நாள்தோறும் தவறாது. இம்முறையின் வலிமை யாதெனின், பாடம் இன்ன வேளையில் முடிந்தது என்பது அதில் இல்லாமையே. அதன் குறை யாதெனின், நல்லாசிரியர் வீட்டிற் பிறவாதவனுக்கு அவ்வாயில் எளிதில் திறவாமையாம்.

கல்லூரிகளின் தோற்றம்

1855-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் அவ்வரசு ஆங்கிலேயர் வயமாயிற்று. அரசவையை நம்பியிருந்த வித்துவான்கள் ஜமீன்களையும் மடங்களையும், பின்னர்ச் சென்னைச் சபைகளையும் நாடலாயினர். புரவலர் மாறவே, கற்பிக்கும் முறையும் மாறத் தலைப்பட்டது. வடநாட்டில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவினார். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைக் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆந்திர நாட்டில் 1919-இல் விஜயநகர மகாராஜாவின் சங்கீதக் கல்லூரி எழுந்தது. ஆதிபட்ல நாராயணதாசர் அதன் முதல் தலைவராய் அமர்ந்தார்.

சென்னையில் 1927-இல் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக, மறு ஆண்டில் மியூசிக் அகாதெமி தோன்றிற்று. அவ்வகாதெமி 1931-இல் இசையாசிரியர் கல்லூரியொன்றைத் தொடங்கிற்று. இதற்குள், 1929-இல் அண்ணாமலை செட்டியார் அவர்கள் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியை நிறுவியிருந்தார். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாய் வளர்ந்து, சங்கீத பூஷணம் என்னும் பட்டத்தால் நாடெங்கும் அறியப்பெற்றது. 1939-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய இசைப்பள்ளிக்கு முத்தையா பாகவதர் தலைமை பூண்டார். 1949-இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி திறக்கப்பெற்று, முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். அதுவே இன்று தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியாக நிலவுகின்றது.

பெருமை யாரால் வந்தது?

இக்கல்லூரிகளின் பெருமை அவற்றின் கட்டிடத்தாலோ பாடத் திட்டத்தாலோ வந்ததன்று. டைகர் வரதாச்சாரியார் மியூசிக் அகாதெமியின் கல்லூரியிலும், அண்ணாமலையிலும், கலாக்ஷேத்திரத்திலும் அடுத்தடுத்து இருந்து கற்பித்தார். அவர் சென்றவிடமெல்லாம் மாணாக்கர் சென்றனர் எனின், நிலையம் பெரிதோ, ஆசிரியர் பெரிதோ என்பது வெளிப்படை.

நம் மரபினரும் இதில் பின்தங்கினாரல்லர். தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய பொன்னையா பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கினார். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய பிருந்தா அம்மையார், தம் பாட்டியார் இல்லத்துப் பாடாந்தரத்தைச் சென்னை மத்திய இசைக் கல்லூரி மாணாக்கர்க்கு வாரி வழங்கினார். அவ்வம்மையாரின் தாயாருடன் பிறந்த ஜயம்மாளின் மக்களுள், பாலசரசுவதி அம்மையார் பரதத்தில் உலகப் புகழ் எய்தினார். ரங்கநாதன் மிருதங்கத்தையும் விசுவநாதன் புல்லாங்குழலையும் அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். விசுவநாதன் 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராகவும் இருந்தவர். இல்லத்து வித்தையும் கல்லூரிப் பதவியும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல, ஒன்றையொன்று தாங்குவன என்பதற்கு இக்குடும்பமே போதிய சான்றாகும்.

நாம் இழந்தவை

நிற்க. இவ்வரலாற்றில் நமக்கு நேர்ந்த இழப்பையும் மறைத்தல் தகாது. முதற்கண் தோன்றிய கல்லூரிகளில் வாய்ப்பாட்டும் வீணையும் பிடிலும் மிருதங்கமுமே முன்னிடம் பெற்றன. நம் குடும்பங்களின் உயிர்நாடியாகிய நாகசுரமும் தவிலும் பின்னரே அவ்வாயிலுட் புகுந்தன. அக்காலத்தே நாகசுரக்காரர் மகன் பள்ளியை இடையில் நிறுத்தி மேளத்தோடு புறப்பட்டான். பிறர் மக்கள் பட்டம் பெற்று இசையாசிரியர் ஆயினர். கலை நம்மிடம் இருந்தது; அதனைக் கற்பிக்கும் நாற்காலி பிறரிடஞ் சென்றது.

இரண்டாவது இழப்பு நம் பெண்மக்களைப் பற்றியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அரும்பாடுபட்டனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முடிவுக்குக் கொணர்ந்தது. அதனால் விளைந்த நன்மையை அளவிட இயலாது. ஆயினும், பழியினின்று நீங்கவேண்டுமென்னும் வேகத்தில் குடும்பங்கள் பல, இழிவாகிய வழக்கத்தோடு இசையையும் நடனத்தையும் சேர்த்தே கைவிட்டன. வீட்டில் வீணை மூலையிற் கிடக்க, பெண்கள் அதனைத் தொடுதலும் விலக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் பிற குடும்பத்துப் பெண்கள் அவ்விசையையே கல்லூரியிற் பயின்று பெருமதிப்பெய்தினர். வழக்கம் வேறு, வித்தை வேறு என்று பகுத்துணராமையால் நேர்ந்த இழப்பு இஃது. இன்று ஒரு பெண் தனக்கு இசை வேண்டுமென விரும்பிக் கேட்பாளாயின், பழைய அச்சத்தைக் காட்டி அவளைத் தடுத்தல் நீதியாகாது.

இன்றைய நிலை

இப்பொழுது காலம் மாறியுள்ளது. சென்னை, திருவையாறு, மதுரை, கோயமுத்தூர் ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் நடைபெறுகின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் ஆகியவற்றோடு நாகசுரமும் தவிலும் ஒத்த மதிப்புடன் கற்பிக்கப்பெறுகின்றன. பழனித் தேவத்தானமும் நாகசுர தவிற் பள்ளியொன்றைப் புரந்து வருகின்றது. இசைக்கும் கவின்கலைகளுக்கும் எனவே தனியொரு பல்கலைக்கழகம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் அமைந்தது. வாயில் திறந்துளது, எவ்வாயிலிற் புகுவது என்பதே ஆராயத்தக்கது.

"திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எக்கல்லூரியிற் படித்தார்?" என்று பெரியோர் சிலர் வினவுவர். வினா நேரியதே. ஆனால் 1898-இல் பிறந்த அப்பெருமேதை சிறுவராயிருந்த நாளில் தமிழகத்தில் இத்தகைய கல்லூரிகள் இல்லை. முழுமையான குருகுலம் இருந்தது. இன்றோ, தந்தை முகூர்த்தங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஊர் ஊராய்ச் செல்கின்றார். பிள்ளை மாலைவரை பள்ளியில் இருக்கின்றான். வீட்டில் முழுக் குருகுலம் நடவாதபோது, வீடே போதுமென்பது வெறும் பெருமையுரையாய் முடியும். அவ்வாறே, கல்லூரியில் நாளொன்றுக்குச் சில மணி நேரம் கேட்ட பாடமே ஒருவனை வித்துவானாக்கும் என்பதும் பொய்ந் நம்பிக்கையாம். கல்லூரி ஒழுங்கையும் இலக்கணத்தையும் பட்டத்தையும் தரும். சாதகமும் கேள்வியுமே சங்கீதத்தைத் தரும். ஆதலின் கல்லூரியிற் சேர்ந்த பின்னும் ஒரு குருவின் தொடர்பை விடாதிருத்தலே வழியாகும்.

பெற்றோர் ஆராய வேண்டுவன

முதலாவது, ஆசிரியர் யார் என்பது. விண்ணப்பத்தை நிரப்புமுன் பெற்றோர் பிள்ளையோடு அக்கல்லூரிக்கு நேரிற் செல்க. உரிய ஆசிரியரைக் கண்டு, இசைவு பெற்று, ஒரு வகுப்பை உடனிருந்து கேட்க. அவர் நிலையான பணியினரா, ஓய்வு பெறும் காலம் அணித்தோ என்பதையும் மரியாதையோடு கேட்டறிக. கல்லூரியின் பழம்புகழ் முந்தைய ஆசிரியர்க்கு உரியது. நம் பிள்ளைக்குக் கிட்டுபவர் இன்றைய ஆசிரியரே.

இரண்டாவது, கருவி. விரும்பிய கருவி முதன்மைப் பாடமாக உண்டோ, துணைப்பாடமாக மட்டும் உண்டோ என்பதைத் தெளிக. நாகசுரம் பயில்வோனுக்குத் தவில் பயிலும் மாணாக்கர் அதே இடத்தில் இருத்தல் பெருந் துணையாம். தவில் பயில்வோனுக்கும் அவ்வாறே. பக்கக் கருவியின்றித் தனியே கற்ற வித்தை மேடையில் தடுமாறும்.

மூன்றாவது, சாதகத்திற்குரிய இடமும் நேரமும். நாகசுரமும் தவிலும் ஓசை மிக்கன. விடுதியில் விடியலில் ஊதவும் வாசிக்கவும் இசைவு உண்டா, இல்லையேல் அணித்தே கோயில் மண்டபமேனும் கிட்டுமா என்று கேட்க வேண்டும். இச்சிறு கேள்வியைக் கேளாது சேர்த்தால், விடியற் சாதகம் முதலாண்டிலேயே நின்றுபோதல் கூடும்.

நான்காவது, பட்டத்தின் பயன். பட்டயம் வேறு, பல்கலைக்கழகப் பட்டம் வேறு. பள்ளியில் இசையாசிரியராதல், கோயிற் பணி, வானொலித் தேர்வு, மேற்படிப்பு எனப் பிள்ளை செல்ல விரும்பும் வழிக்கு எது ஏற்கப்படுகின்றது என்பதை, கேள்விப்பட்டதைக் கொண்டன்றி உரிய அலுவலகத்தின் எழுத்து விடையைக் கொண்டு தெளிக. பள்ளிப் படிப்பை முற்ற முடித்தே அனுப்புதல் நன்று. இடையில் நிறுத்தி மேளத்தோடு சேர்த்த பிள்ளைக்குப் பின்னர்ப் பல கதவுகள் அடைபடும்.

ஐந்தாவதும் தலையாயதும் பிள்ளையின் விருப்பம். மதிப்பெண் குறைந்தமையால் வேறிடங் கிடையாதவனுக்கு இசைக் கல்லூரி ஒரு புகலிடமென்று கருதுதல், பிள்ளைக்கும் கலைக்கும் இழைக்கும் தீங்காம். அவ்வாறே, குலத்தொழில் என்பதற்காக விருப்பமில்லாதவனை வற்புறுத்தலும் ஆகாது. விருப்பமும் செவியுணர்வும் உடையவன், ஆணாயினும் பெண்ணாயினும், அவர்க்கு வழிவிடுதலே நம் கடன்.

முடிவுரை

அன்பர்காள்! நம் முன்னோர் இசையை நிலமாகவோ பொன்னாகவோ நமக்கு வைத்துச் சென்றாரல்லர். கற்பிக்குந் திறமாகவே வைத்துச் சென்றனர். அத்திறம் ஒரு தலைமுறை கைவிடின் மறு தலைமுறையில் விலைகொடுத்தும் வாங்கலாகாது. நம் பிள்ளைகள் மேடையில் அமர்வதோடு அமையாது, ஆசிரியர் நாற்காலியிலும் அமர்தல் வேண்டும். இவ்வாண்டு தேர்வெழுதிய பிள்ளையுடைய ஒவ்வொரு குடும்பத்தாரும், நம்மவருள் இசைக் கல்லூரியிற் பயின்று மீண்டோர் ஒருவரையேனும் கண்டு, மேற்கூறிய ஐந்தையும் வினவியறிந்து, அதன்பின் முடிவு செய்வாராக. கற்று மீண்டோரும் கேட்போர்க்கு மறையாது உரைப்பாராக. அவ்வாறு செய்தால், முன்னே இழந்த இடத்தை நம் மக்கள் தம் வித்தையாலேயே மீண்டும் பெறுவர்.