குறியீடு 93

ஆபீஸ் டைம்ஷீட்டில் என் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. கல்வராயன் மலைப் பெண்ணின் பகலுக்கும் அரசு ஒன்று வைத்திருக்கிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் சொந்தத் தொழில் செய்பவர் 11. சமைத்து, வீட்டுக்கு விறகும் கிழங்கும் சேகரிப்பவர் 93. தொழிலாளர் கணக்கிலேயே வரமாட்டார். அதையே சந்தையில் விற்றுப் பிழைத்தால் 11. தலைச்சுமை என்னவோ ஒண்ணுதான்.

இலா பட் தலைமையிலான ஆணையத்தின் 'சிரமசக்தி' அறிக்கை, வீட்டுக்குள் நடக்கும் கூலியில்லா வேலையையும் உழைப்பாகவே எண்ணச் சொன்னது 1988இல். 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் மக்களின் நேரத்தையே அளந்தார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019இல் நாடு முழுக்க அளந்தார்கள்: வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97.

பகலை அளந்தாச்சு. 93 மட்டும் இன்னும் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது.