வெந்நீரும் உப்பும்

கடாரம் என்றவுடன், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பே தமிழர் நெஞ்சில் எழும். அக்கடாரமே இன்றைய கெடா. சோழனின் வெற்றியைக் கல்வெட்டுகள் பறைசாற்றுகின்றன. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கடலைக் கடந்து அதே மண்ணுக்கு வந்த ஏழைத் தமிழரின் பாடுகளை எந்த அரசரும் கல்லில் வெட்டிவைக்கவில்லை. அவர்களைக் காட்டுப் புலி கொன்றதைவிடக் கலங்கிய தண்ணீர் கொன்றதே மிகுதி.

1909ஆம் ஆண்டு கெடா, சயாமின் பிடியிலிருந்து ஆங்கிலேயரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதன் பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடமாகிய கோலா கெத்திலைச் சுற்றிலும் காடு அழிந்து பால்மரங்கள் எழுந்தன. அவற்றில் உழைப்பதற்குக் கங்காணிகள் திரட்டிய மக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம், மேல்தட்டில் நெருக்கடி, பழகாத உணவு, பழகாத தண்ணீர். வயிறு கெடாமல் வந்து சேர்ந்தவர் பேறுபெற்றவரே. கப்பலில் வாந்திபேதியோ அம்மையோ கண்டுவிட்டால், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் பயணிகளை இறக்கித் தனித்து வைத்தனர். கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் வைக்க இயலாத நிலை அது.

தோட்டத்தை அடைந்த பின்னும் இடர் தீரவில்லை. ஆற்று நீரும் திறந்த கிணற்று நீருமே குடிநீர். கழிப்பிடம் இல்லாத லயங்களில் மரநிரைகளின் மறைவே ஒதுங்குமிடம். மழை பெய்தால் அசுத்தமெல்லாம் ஓடைக்கு வந்து சேரும். சீதபேதியும் கொக்கிப்புழுவும் மலேரியாவுக்குத் துணை நின்று உழைப்பாளரை உருக்குலைத்தன. லயத்து மூதாட்டிகள் சுக்கும் ஓமமும் மாதுளை ஓடும் கொண்டு கைவைத்தியம் செய்தனர். கொய்யாக் கொழுந்தும் அவர்களுக்கு மருந்தாயிற்று. உப்பிட்ட வடிகஞ்சியைச் சிறுகச் சிறுகப் புகட்டியவர்களும் உண்டு. ஆயினும், தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்றஞ்சி, நாவறண்டு கிடந்த குழந்தைக்கும் நீர் மறுத்தவர் பலர். அவ்வச்சம் பறித்த உயிர்கள் எத்தனையோ!

இந்நோயின் முழுக் கொடுமையைத் தமிழர் கண்டது சப்பானியர் ஆட்சியில்தான். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட்டு வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்கும் வேலை 1942ஆம் ஆண்டில் தொடங்கியது. சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை இரயிலேற்றினர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அப்பாதையின் முகாம்களில் வாந்திபேதி புகுந்தது.

நோய் ஒன்றுதான், அதே மழை, அதே காடு, அதே அரைவயிற்றுச் சோறு. ஆயினும் விளைவு ஒன்றாக இல்லை. நேசநாட்டுப் போர்க்கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர். கொதிக்க வைக்காத நீரை எவரும் பருகலாகாது என்றும், உண்கலங்களை வெந்நீரில் தோய்த்த பின்னரே உணவு பெற வேண்டும் என்றும் கட்டளையிட்டனர். நோயாளரைப் பிரித்து வைத்தனர். உப்புநீரைக் காய்ச்சி, மூங்கிற் குழாயும் இரப்பர்க் குழாயும் இணைத்து நரம்பில் ஏற்றினர். தமிழர் முதலிய ஆசியத் தொழிலாளரின் முகாம்களிலோ பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, வழிநடத்துவோரும் இல்லை. வெந்நீர் வைக்கச் சொல்லவும் ஆளின்றி, நோயுற்றவர் கிடந்த இடத்திலேயே கைவிடப்பட்டனர். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அஃது ஐவரில் ஒருவர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 1,80,000 பேரில் 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடுவர். அஃது இருவரில் ஒருவர். பசியும் மலேரியாவும் புண்ணும் இக்கணக்கில் அடங்கும் என்பது உண்மையே. எனினும், வெந்நீருக்கும் உப்புக்கும் ஒழுங்குக்கும் இவ்வேறுபாட்டில் இருந்த பங்கு பெரிது.

நரம்பில் ஏற்றும் வசதி இல்லாத இடத்தில் என் செய்வது? இவ்வினாவிற்கு 1971ஆம் ஆண்டில் தெளிவான விடை கிடைத்தது. வங்கப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. ஏற்றுவதற்குரிய உப்புநீர் தீர்ந்து போகவே, மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகவே புகட்டச் செய்தார். உறவினரே நோயாளிக்குக் கொடுத்தனர். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலின் சுவர் வழியே உப்பை உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீர் செல்கிறது. சோற்றுக்கஞ்சியின் மாவும் குடலில் சர்க்கரையாக மாறுவதே. காரணம் அறியாமலே உப்புக்கஞ்சி புகட்டிய லயத்து மூதாட்டி சரியான வழியில்தான் நடந்திருக்கிறாள்.

தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், விடுதலைக்குப் பின்னரும் கிராமப்புற வளர்ச்சித் திட்டங்கள் பலவற்றுக்கு அவை புறம்பாகவே நின்றன. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் 1966ஆம் ஆண்டில்தான் வந்தது. லயத்து வாசலில் வந்த குழாய்நீர் எந்த மருந்தினும் பெரிய மருந்தாயிற்று.

இன்று கோலா கெத்திலிலிருந்து தமிழகம் செல்வோர் விமானத்தில் சில மணி நேரத்தில் சென்றடைகின்றனர். மூதாதையர் வந்த வழியே சுற்றுலா செல்லும் அவர்களையும் வேற்றூர்த் தண்ணீர் விட்டுவைப்பதில்லை. அவர்கள் கைக்கொள்ள வேண்டியது எளிது: கொதித்தாறிய நீர் ஒரு லிட்டர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் கண்டாலோ மருத்துவரை நாட வேண்டும். வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவின் அளவையே மிகுதியும் பேசினார்; தண்ணீரின் தூய்மையையும் அதனோடு சேர்த்துக்கொள்வது நம் கடமை. ஒரு குவளை வெந்நீர் கிடைக்காமல் சயாம் காட்டில் மாண்ட நம்மவரை, பிள்ளைகளுக்கு வெந்நீர் வைக்கக் கற்பிக்கும்போதேனும் நினைத்துக்கொள்வோமாக.