திருச்சிராப்பள்ளி மைக்கா ஓவியங்களும் பெயர் தெரியாத கடைத்தெரு ஓவியர்களும்

19-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக் கடைத்தெரு ஓவியர்கள், காக்காப்பொன் எனப்படும் மைக்காத் தகட்டின்மீது சிறு வண்ணப் படங்கள் வரைந்து ஆங்கிலேயருக்கு விற்றனர். இவை ‘மைக்கா ஓவியங்கள்’ எனப்படும். வடக்கே முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய ஊர்களிலும், தெற்கே சிறப்பாகத் திருச்சியிலும் இக்கலை தழைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் விருப்பத்துக்கேற்ப வரையப்பட்ட ‘கம்பெனி பாணி’ ஓவியங்களில் இதுவும் ஒரு வகை. படங்கள் பல எஞ்சியுள்ளன. வரைந்தவர் பெயரோ அவற்றில் பெரும்பாலும் இல்லை.

பெயரின்மையில் இரு வகை

பெயர் தெரியாத தெரு ஓவியர் என்றதும் இங்கிலாந்தின் பேங்க்சி மாணவர்களுக்கு நினைவுக்கு வரலாம். 1990-களில் பிரிஸ்டல் நகரச் சுவர்களில் வரையத் தொடங்கிய அவர், தம் அடையாளத்தைத் தாமே மறைத்துக்கொண்டவர். அந்த மறைவே அவருடைய புகழுக்கும் ஒரு காரணமாயிற்று. 2018-இல் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் அவருடைய படம் விற்பனையானதும், சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்த கருவி அப்படத்தைப் பாதிவரை கீற்றுக் கீற்றாகக் கிழித்தது உலகச் செய்தியாயிற்று. திருச்சி ஓவியர் எதையும் மறைக்கவில்லை. அவருடைய பெயரைக் கேட்டு எழுதிவைக்கும் தேவை வாங்கியவருக்கு இல்லாமற்போயிற்று.

ஊரும் வாங்குவோரும்

இவ்வூருக்கு ஓவியம் புதிதன்று. மதுரை நாயக்கர்கள் திருச்சியைத் தலைநகராகக் கொண்டிருந்த காலம் உண்டு. திருவரங்கம் கோயிலின் வேணுகோபாலன் சன்னதியில் இன்றும் சுவரோவியங்களைக் காணலாம். அவற்றை வரைந்த கைகளுக்கும் பெயரில்லை. ஆனால் அவை வழிபாட்டுக்கும் கோயிலுக்கும் உரியவை.

1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. திருச்சியில் பெரிய படைமுகாம் இருந்தது. சில ஆண்டுகள் இங்கு இருந்துவிட்டு ஊர் திரும்பும் அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும், தாங்கள் கண்ட மனிதர்களையும் விழாக்களையும் உறவினருக்குக் காட்ட விரும்பினர். ஒளிப்படம் இல்லாத அக்காலத்தில் இத்தேவையை நிறைவேற்றியவர் கடைத்தெரு ஓவியரே. தெய்வப் படங்களும் அவருக்கு வருவாய் தந்தன. 1820-களில் திருச்சிப் பகுதியில் வரையப்பட்ட தெய்வ உருவங்களின் தொகுதி ஒன்று, லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வரையும் முறை

மைக்காவை மெல்லிய ஏடுகளாகப் பிரிக்கலாம். அது கண்ணாடிபோல் தெளிவானது. மாதிரிப் படத்தின்மேல் வைத்தால் அடியிலுள்ள கோடுகள் அப்படியே தெரியும். ஆகவே ஒரு மாதிரியிலிருந்து பல படங்களை விரைவாக எடுத்துவிடலாம். தந்தத்தைவிட மைக்கா மலிவானது, பளபளப்பும் உண்டு.

குறையும் உண்டு. மைக்கா வண்ணத்தை உறிஞ்சாது. எனவே நீர்வண்ணம் அடர்த்தியாகப் பூசப்பட்டது. நாளடைவில் வண்ணம் செதில் செதிலாக உதிரும். தகடும் ஓரங்களில் உடையும்.

சில தொகுதிகள் விளையாட்டுப் பொருள்போல் அமைந்தவை. அட்டையில் ஒரு முகம் மட்டும் வரையப்பட்டிருக்கும். தலைப்பகுதி வெறுமையாக விடப்பட்ட மைக்காத் தகடுகளில் வெவ்வேறு உடைகள் இருக்கும். ஒரு தகட்டை முகத்தின்மேல் வைத்தால் அவர் சிப்பாய். அடுத்ததை வைத்தால் துறவி.

படங்களில் இருப்பவர்கள்

தண்ணீர் சுமப்பவர், சலவைத் தொழிலாளி, நாவிதர், நெசவாளர், பாம்பாட்டி, பல்லக்குத் தூக்கிகள், துரை வீட்டுச் சமையற்காரர், நாமமும் திருநீறும் அணிந்த அடியார்கள் என மக்கள் தொகுதி தொகுதியாக வரையப்பட்டனர். ஒவ்வொரு சாதியையும் கணவன் மனைவி இணையாகக் காட்டுவது தென்னிந்திய வழக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் கீழ் எழுதப்படுவது தொழிலின் பெயர் அல்லது சாதியின் பெயர். அந்த மனிதரின் பெயரன்று. தஞ்சை ஓவியர்களையும் ஆங்கிலேயர் ‘மூச்சி’ என்ற தொழிற்குழுப் பெயராலேயே குறித்தனர். ஆக, வரையப்பட்டவரும் வரைந்தவரும் ஒரே வகையில் பெயரிழந்தனர். மக்களை வகைவகையாகப் பிரித்து அறிய விரும்பிய ஆட்சிக்கு, தனிமனிதரின் பெயர் தேவைப்படவில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. வேலூரைச் சேர்ந்த எல்லப்பா, தாம் அமர்ந்து ஓவியம் தீட்டும் காட்சியையே 1830-களில் வரைந்தார். லண்டன் வாலஸ் கலைக்கூடத்தில் 2019-இல் தொடங்கிய ‘மறக்கப்பட்ட மேதைகள்’ கண்காட்சியில் அவருடைய படைப்பும் இடம்பெற்றது. ஒரு பெயர் கிடைத்ததும் ‘பாணி’ என்று பேசப்பட்டது ஒரு மனிதரின் வாழ்க்கையாகிறது.

ஒளிப்படத்தின் வருகை

1856-இல் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் திருச்சி, திருவரங்கம் காட்சிகளைப் படமெடுத்தார். 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற ஒளிப்படத் தொகுப்பு எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. ஓவியர் செய்த அதே வகைப்படுத்தலைக் கேமரா ஏற்றுக்கொண்டது. பின்னர் அச்சிட்ட அஞ்சலட்டைகளும் வந்தன. மைக்காப் படத்தின் சந்தை சுருங்கி மறைந்தது.

இன்று

இப்படங்கள் வாங்கியவர்களோடு கப்பலேறியதால், திருச்சியைவிட லண்டனில் காண்பது எளிது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் தன் தொகுப்பை இணையத்தில் திறந்து வைத்துள்ளது. தேடும் மாணவர்கள் ‘ட்ரிச்சினாபோலி’ என்ற பழைய ஆங்கில வழக்கையும் இட்டுப் பார்க்க வேண்டும். பல படங்கள் அப்பெயரிலேயே பதிவாகியுள்ளன. ஒரே நிற்கும் நிலையில் இரண்டு உருவங்களைக் கண்டால் அவை ஒரே மாதிரியிலிருந்து வந்தவையா என ஒப்பிடலாம். சேலையின் கரை, குடத்தின் வடிவம், நகையின் அமைப்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளலாம். நம் ஊரின் 19-ஆம் நூற்றாண்டு உழைப்பாளர் எதை உடுத்தினர், எதைச் சுமந்தனர் என்பதற்கு இவை அரிய சான்றுகள். ஓவியரின் பெயர் கிடைக்காவிட்டாலும், கைவண்ணத்தைக் கொண்டு ஒருவருடைய படங்களை ஒன்றுசேர்ப்பது கலை வரலாற்றில் ஏற்கப்பட்ட முறையே.