இடிபாடுகளுக்குள் ஒரு மூக்கு

1939 செப்டம்பர் முதல் வாரம். இரண்டாம் உலகப் போர் மூண்ட செய்தி பரவியதும், இலண்டன் மக்கள் பலர் தாம் வளர்த்த நாய்களையும் பூனைகளையும் கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தனர். குண்டு விழும் நகரில் அவற்றிற்கு உணவு ஏது, இடம் ஏது என்ற அச்சமே காரணம். அந்த ஒரு வாரத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பிராணிகள் மாண்டன என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். போர்க்காலத்தில் வளர்ப்புப் பிராணி வீண் சுமை என்பதே அன்று பலருடைய எண்ணம். ஓராண்டிற்குப் பின் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது ஒரு தெருநாய்.

போகாத நாய்

1940 செப்டம்பர் 7 முதல் சுமார் எட்டு வாரங்கள், அநேகமாக ஒவ்வோர் இரவும், ஜெர்மன் விமானங்கள் இலண்டன் மீது குண்டு பொழிந்தன. கப்பல் துறைகளை அடுத்த கிழக்கு இலண்டன் பெருஞ்சேதமுற்றது. அங்கே பாப்லர் பகுதியில், சவுத்ஹில் தெருவில், விமானத் தாக்குதல் காவலர் நிலையம் ஒன்று இருந்தது. குண்டுவீச்சிற்குப் பின் வீடிழந்து திரிந்த கலப்பின டெரியர் நாய் ஒன்றை, கிங் என்ற காவலர் கண்டார். மிஞ்சிய உணவைப் போட்டார். தின்றதும் போய்விடும் என்று நினைத்தார். அது போகவில்லை. 'ரிப்' என்ற பெயருடன் நிலையத்திலேயே தங்கிவிட்டது.

அதற்கு எவரும் பயிற்சி அளிக்கவில்லை. இருந்தும் காவலர்களுடன் இடிபாடுகளுக்குச் சென்று, மோப்பம் பிடித்து, புதையுண்டவர்களின் இருப்பிடத்தைத் தானாகவே காட்டத் தொடங்கியது. பன்னிரண்டு மாதங்களில் 100 பேருக்கு மேல் கண்டுபிடிக்க அது உதவியது.

காற்று கொண்டுவரும் சேதி

இடிபாட்டில் ஆளைத் தேடுவது ஏன் கடினம்? அந்நாளில் இருட்டடிப்பு, விளக்கேற்றக் கூடாது. விமான இரைச்சலில் முனகல் கேட்காது. நினைவிழந்தவரோ குரலே கொடுக்க மாட்டார். ஆனால் அவர் உடலின் மணம், அவரைக் கேளாமலே வெளியேறிக் கொண்டிருக்கும்.

அந்த மணம் எவ்வாறு மேலே வருகிறது? அறையின் ஒரு மூலையில் அத்தர் புட்டியைத் திறந்தால், மறுமூலையில் இருப்பவருக்குச் சில நிமிடங்களில் மணக்கிறது. இது மூலக்கூறுகளின் விரவலால் மட்டுமே நிகழ்வது என்று மாணவர் பலர் கருதுவதுண்டு. அசைவற்ற காற்றில் விரவல் மட்டுமே நிகழ்ந்தால், அம்மணம் வந்து சேர நாட்கணக்கில் ஆகும்! அதை விரைந்து சுமந்து வருவது காற்றோட்டமே. இடிபாட்டினுள்ளும் அவ்வாறே. சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மனித உடல், தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி, மணத்தைச் சுமந்துகொண்டு விரிசல்கள் வழியே மேலெழுகிறது. இதுவே வெப்பச் சலனம். வழி கிடைத்த பக்கமெல்லாம் வளைந்து செல்வதால், புதையுண்டவருக்கு நேர் மேலே அது வெளிப்படும் என்பதில்லை.

வெளிப்படும் மணம் மிக நுண்ணிய அளவினது. அதைப் பிடிக்க ஏற்ற கருவி நாயின் மூக்கு. மனித மூக்கில் மண உணர் செல்கள் சுமார் 50 இலட்சம். நாய்க்கோ, இனத்திற்கேற்ப, 10 கோடி முதல் 30 கோடி வரை உண்டு. மோப்பம் பிடிக்கையில் வினாடிக்கு ஐந்து முறை அளவில் அது காற்றை இழுக்கிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியே செல்வதால், முன்னிருந்து வரும் மணம் கலைவதில்லை. மணத்தின் செறிவு கூடும் திசையில் அது நகர்ந்து செல்கிறது.

ரிப்பின் வழிவந்தவை

ரிப்பின் வெற்றி, போரின் இறுதிக் கட்டத்தில் தேடு நாய்களை முறையாகப் பயிற்றுவிக்க அதிகாரிகளைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1944-இல் இலண்டன் மீது வி-1, வி-2 ஏவுகணைகள் விழத் தொடங்கியபோது ஜெட், இர்மா முதலிய அல்சேஷன் நாய்கள் இப்பணியில் இறங்கின. இர்மா கண்டுபிடித்தவர் 191 பேர். அவர்களுள் 21 பேர் உயிருடன் இருந்தனர். 21 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த 21 குடும்பங்களுக்கு அது சிறிதன்று.

வீரச் செயல் புரிந்த விலங்குகளுக்காக மரியா டிக்கின் அம்மையார் 1943-இல் ஏற்படுத்திய டிக்கின் பதக்கம், 1945-இல் ரிப்புக்கு வழங்கப்பட்டது. 'நாங்களும் தொண்டாற்றுகிறோம்' என்னும் பொருள்படும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 1946-இல் ரிப் இறந்தது. இலண்டனின் இல்ஃபர்டு பிராணிகள் இடுகாட்டில் அதன் கல்லறை உள்ளது.

அமெரிக்காவில் 1995-இல் ஒக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 பேர் மாண்டனர். அங்குத் தன் நாயுடன் தேடுதல் பணி செய்த வில்மா மெல்வில், பயிற்சி பெற்ற நாய்கள் போதவில்லை எனக் கண்டு, 1996-இல் கலிஃபோர்னியாவில் ஓர் அமைப்பை நிறுவினார். கைவிடப்பட்ட நாய்களின் காப்பகங்களிலிருந்து அவ்வமைப்பு நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கிறது. ஓயாத துறுதுறுப்பு, எறிந்த பொம்மையைக் கண்டெடுக்கும் வரை விடாத பிடிவாதம் ஆகிய குணங்களே அங்குத் தேவைப்படுகின்றன. அடக்க முடியவில்லை என்று வீட்டார் நாயைக் கைவிடுவதும் பல வேளைகளில் இதே குணங்களால்தான். பாப்லரில் ஒரு காவலர் தற்செயலாகக் கண்டறிந்ததை, இன்று இவர்கள் தேடிச் சென்று காண்கிறார்கள்.